‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்

எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை ஓ.பி.யிலும் அவரைப் பார்க்கலாம். நாற்பதை ஒட்டிய வயது. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு ஈ.சி.ஜி., ஒரு வயிற்று ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி, கழுத்து எக்ஸ்ரே, நாலைந்து கிளினிக்குகளின் மருந்துச் சீட்டுகள். “உடம்பெல்லாம் அசதி சார். பிடரி வலிக்குது. நெஞ்சு படபடன்னு வருது. சோறு இறங்கல. ராத்திரி மூணு மணிக்கெல்லாம் முழிப்புத் தட்டிடுது.” மருத்துவர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டுகிறார், எல்லாம் நார்மல். வாசலில் இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள். “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லி, சத்து மாத்திரையும் கேஸ் மாத்திரையும் எழுதுகிறார். கேட்டால் ஓர் ஊசியும் போடப்படும். அந்தப் பெண் தன் நோயை மறைக்கவில்லை. விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பு வருவது, அந்த நேரத்திலேயே மனம் மிகக் கனமாக இருப்பது, பசி அற்றுப் போவது, காரணமில்லாத அசதி ஆகியவை மனச்சோர்வு நோயின் பாடப்புத்தக அறிகுறிகள். அவற்றில் பலவற்றை அவர் வரிசையாகச் சொல்லிவிட்டார். கேட்கிற காதுதான் பழக்கப்படவில்லை. பரவலான மனநோய்களைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் தனி மனநல மருத்துவமனையின் வேலை என்று நாம் வெகுகாலமாக நினைத்துவருகிறோம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகிற அதே பொது ஓ.பி.யில்தான் அந்த வேலை நடந்தாக வேண்டும், அங்கே அது நடக்கவும் முடியும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இது புதிதாகத் தெரிந்த செய்தியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கொலம்பியா, பிலிப்பைன்ஸ், சூடான் ஆகிய நான்கு நாடுகளின் ஆரம்ப சுகாதார மையங்களில் நடத்திய ஆய்வு 1980-இல் வெளியானது. அங்கே வந்தவர்களில் 13.9 சதவீதத்தினருக்கு மனநோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தலைவலி, இருமல், வயிற்றுவலி போன்ற உடல் தொந்தரவுக்காகவே வந்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரைத்தான் மையத்து ஊழியர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். 2015-16-இல் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் வீடுவீடாகச் சென்றது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அந்தச் சமயத்தில் ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. மனச்சோர்வு, பதற்றநோய் போன்ற பரவலான கோளாறுகள் உடையவர்களில் ஏறக்குறைய 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்பதுதான் அதைவிடக் கலங்கவைக்கிற எண். இவர்களில் மிகப் பலர் ஏதோ ஒரு மருத்துவரைப் பார்த்தவர்கள்தாம், காசும் செலவழித்தவர்கள்தாம். சிகிச்சையிடத்துக்கு வந்து, வாசலோடு திரும்பியவர்கள்.

நம் மக்கள் மனத் துன்பத்தைச் சொல்லத் தெரியாமல் உடல் வலியாக மாற்றிச் சொல்கிறார்கள், மேலைநாட்டினர்தான் நேராகச் சொல்கிறார்கள் என்று ஒரு கருத்து படித்தவர்களிடம் உண்டு. இதை ஏற்க முடியாது. 14 நாடுகளின் பொது மருத்துவ மையங்களில் மனச்சோர்வு நோயாளிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, 69 சதவீதத்தினர் மருத்துவரிடம் உடல் தொந்தரவை மட்டுமே சொல்லி வந்தார்கள் என்று காட்டியது. மருத்துவரைத் தேடிப் போகிறவர் எங்கே இருந்தாலும் உடம்பை முன்னால் வைத்துத்தான் பேசுகிறார். மருத்துவரிடம் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. நேராகக் கேட்டபோது, மனம் சார்ந்த அறிகுறிகள் எதுவுமே இல்லை என்று மறுத்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். கேட்டால் சொல்கிறார்கள். தமிழில் அதற்குச் சொற்பஞ்சமும் கிடையாது. ‘மனசு பாரமா இருக்கு’, ‘எதுலயும் பிடிப்பே இல்ல’, ‘ஒரே யோசனையா ஓடுது’, ‘யார்கிட்டயும் பேசப் பிடிக்கல’, ‘நெஞ்சு அடைக்குது’ என்று ஒவ்வொன்றும் ஒரு மருத்துவக் குறிப்பு. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று தமிழ்நாடே சொல்லிக்கொள்ளும் அந்தக் குழப்பமான சொல்லுக்குப் பின்னாலும், பெரும்பாலும், சிகிச்சையளிக்கக்கூடிய பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறது. சுவரெங்கும் விளம்பரம் செய்து அந்தச் சொல்லை வைத்துப் பிழைப்பவர்களிடம் இந்த நோயாளிகளை விட்டுவிட்டது நம் மருத்துவத்தின் குறை.

அப்படியானால் என்ன கேட்பது? இரண்டு கேள்விகளில் தொடங்கலாம் என்பது இப்போது உலகெங்கும் நடைமுறை. போன இரண்டு வாரமாக மனம் சோர்ந்தோ நம்பிக்கை இழந்தோ இருக்கிறீர்களா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டம் குறைந்துவிட்டதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் தூக்கம், பசி, அசதி, கவனச் சிதறல், தன்மீதே வெறுப்பு, சாவைப் பற்றிய எண்ணம் என்று மேலே போக வேண்டும். இவற்றில் பல சேர்ந்து, நாளின் பெரும்பகுதியும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அது வெறும் கவலை இல்லை. வேலைக்குப் போவது, சமைப்பது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவை தடுமாறுகின்றனவா என்பதே சாதாரணத் துயரத்தையும் நோயையும் பிரிக்கிற முக்கியமான அளவுகோல். மனச்சோர்வின் முகங்கள் மாறும். ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வருகிறது. வீட்டார் குடியை மட்டுமே பார்க்கிறார்கள். முதியவர்களிடம் மறதிபோலத் தெரிகிறது. பிள்ளை பெற்ற தாயிடம், குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையே என்ற ஓயாத குற்றவுணர்வாகத் தெரிகிறது; ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்’ என்று கடந்துவிடுகிறோம்.

பதற்றத்துக்கும் இப்படி ஒரு முகம் உண்டு: பீதித் தாக்குதல். அதைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். முப்பது வயது இளைஞன். இரவு ஒரு மணிக்குத் திடீரென்று நெஞ்சு இடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, வேர்வை கொட்டுகிறது. செத்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். போய்ச் சேருவதற்குள் பாதி அடங்கிவிடுகிறது. ஈ.சி.ஜி. நார்மல். ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி வருகிறது. இப்போது பஸ்ஸில் தனியாகப் போகப் பயம், கூட்டத்துக்குப் போகப் பயம். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடுகிறான். முதல் இரவிலேயே யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து, திருடன் வராமலே நாய் குரைத்த மாதிரி, ஆபத்தில்லாத நேரத்தில் உடம்பு தன் எச்சரிக்கையை எழுப்பிவிட்டது என்று விளக்கியிருக்கலாம். பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும், உயிருக்கு ஆபத்தில்லை, இதற்குப் பெயரும் சிகிச்சையும் உண்டு என்று சொல்லியிருந்தால் அவன் பாதை வேறாக இருந்திருக்கும். முதல் தடவை இதயத்தைச் சோதித்துப் பார்ப்பது சரியான காரியம். சோதனைக்குப் பிறகு சொல்லப்படும் அந்த ஒற்றைச் சொல்தான் தவறு. அவனுக்கு ஏதோ இருக்கிறது. இதயத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாக் கேள்விகளிலும் மருத்துவர்கள் அதிகம் தயங்குவது தற்கொலை பற்றிய கேள்வியில். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம். ஆய்வுகள் இந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. வெளிப்படையாகக் கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணம் கூடுவதில்லை, பலருக்கு ஒரு பாரம் இறங்குகிறது. ‘வாழவே வேண்டாம்னு தோணுதா? எப்படிச் செய்யலாம்னு யோசிச்சீங்களா? வீட்டில பூச்சிமருந்து இருக்கா?’ என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி கிராமத்தில் உயிரைக் காக்கும் கேள்வி. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சியைச் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா கடலூர் மாவட்டக் கிராமங்களில் செய்து பார்த்தது. அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. எண்ணம் வரும் கணத்துக்கும் கைக்கு மருந்து எட்டும் கணத்துக்கும் நடுவில் இடைவெளி கிடைத்தால் பலர் பிழைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று சொல்லித் தண்டனையிலிருந்து விடுவித்தது. அப்படியிருந்தும் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ‘தெரியாமல் குடித்துவிட்டாள்’ என்று எழுதச் சொல்லும் வழக்கம் போகவில்லை. அப்படி எழுதப்பட்டவருக்கு வயிறு கழுவப்படுகிறது. மனநல சிகிச்சை கிடைப்பதில்லை.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உறுதிசெய்யாத ஒன்றை நோய் என்பது எப்படி என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒற்றைத் தலைவலிக்கும் அப்படியொரு பரிசோதனை கிடையாது; நோயாளி சொல்வதை வைத்தே கண்டறிகிறோம், சிகிச்சை தருகிறோம். மனநோயில் பரிசோதனைகளுக்கு வேறொரு வேலை உண்டு. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வுபோலவே நடிக்கும். அவற்றைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது கவனக்குறைவு. அதைவிட முக்கியமானது ஒரு கேள்வி: முன்பு எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்து திரிந்தது உண்டா? உண்டென்றால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுமுனைக்குத் தள்ளிவிடக்கூடும். ஒருவர் நேரில் உட்கார்ந்து கேட்பதற்கு இங்கே மாற்று இல்லை. வெறும் கேள்வித்தாளை நீட்டி மதிப்பெண் கூட்டுவதால் பயனில்லை என்று சொல்வோர் பக்கமும் உண்மை இருக்கிறது. கண்டறிந்த பிறகு சிகிச்சை தர ஏற்பாடு இல்லாத இடத்தில் கேள்வித்தாள் யாரையும் குணப்படுத்தியதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். நம்மூரில் பெரிய தடை ஒரு குழப்பம்: ‘மனநோய் மாத்திரை என்றால் தூக்க மாத்திரை, ஒரு தடவை ஆரம்பித்தால் விட முடியாது.’ இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வேறு மருந்துக் குடும்பங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவை அரைமணி நேரத்தில் படபடப்பை அடக்கும். அதனாலேயே நோயாளி அதைத்தான் நல்ல மருந்து என்று நம்புகிறார். சில வாரங்கள் தொடர்ந்தாலே உடம்பு அதற்கு அடிமையாகத் தொடங்கும். மக்கள் அஞ்சுவது சரி, அஞ்ச வேண்டிய மருந்து இதுதான். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடப்படுவதும் இதுதான். ஃப்ளுஆக்சடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வேறு வகை. இவை போதை தருவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் கிடைப்பதெல்லாம் குமட்டல், தலைவலி, கொஞ்சம் பதைப்பு. இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரின் நோயாளி ஐந்தாம் நாள் ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார். சொல்லப்பட்டவர் பொறுத்துக்கொள்கிறார், மூன்றாம் வாரம் முதல்முறையாக விடியும்வரை தூங்குகிறார். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகு மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது பலரும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் மருந்தை நிறுத்தும் காரணம்; அதையும் மருத்துவரே முந்திக்கொண்டு கேட்க வேண்டும். இந்த மாத்திரைகளின் பலன் வெறும் மனப்பிராந்தி என்ற குற்றச்சாட்டுக்கு 2018-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு பதில் தருகிறது: 522 ஆய்வுகள், 1,16,000-க்கு மேற்பட்டோர், 21 மருந்துகள், எல்லாமே வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. வித்தியாசம் மலையளவு இல்லை, சராசரியில் மிதமானதுதான். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு அந்த மிதமான உதவியும் பெரிது.

லேசான, நடுத்தரமான நிலைகளில் பேச்சு சிகிச்சையே முதலில் வர வேண்டும். அதற்கு எங்கே போவது, உளவியலாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கோவாவிலும் ஹராரேயிலும் விடை கிடைத்தது. கோவாவில் சங்காத் அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும், மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைச் சில வாரம் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள். நோயாளி எதையெல்லாம் விட்டுவிட்டாரோ அதைச் சிறிது சிறிதாகத் திரும்பச் செய்யவைப்பதே முறை. மாலையில் கோலம் போடுவதை விட்டவர் மறுபடி போடுவது, பேச்சை நிறுத்திய அக்காவுக்குப் போன் செய்வது, காலையில் கடைவரை நடந்துவருவது. ஒவ்வொன்றையும் செய்தபின் மனம் எப்படி இருந்தது என்று அடுத்த சந்திப்பில் பேசுவது. 495 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் மூன்று மாதத்தில் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா, கிளினிக் வளாகத்து மர பெஞ்சில் ஊர்ப்பாட்டிகளை உட்காரவைத்துப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பழக்கினார். ஆறு மாதம் கழித்து, பெஞ்சுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு நீடித்தது 13.7 சதவீதத்தினரிடம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 49.9 சதவீதத்தினரிடம். அந்தப் பாட்டிகள் நோய்க்கு வைத்திருந்த பெயர் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது. ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று நம் ஓ.பி.யில் சொல்லும் பெண்ணும் அதையேதான் சொல்கிறார்.

இங்கே ஆழமான ஓர் எதிர்ப்பு இருக்கிறது. கடன், குடிகாரக் கணவன், வரதட்சிணை, சாதி இழிவு, வேலையில்லாமை ஆகியவற்றால் நொந்தவரிடம் மாத்திரையைக் கொடுப்பது சமூகத்தின் குற்றத்தை அவருடைய மூளையின் குற்றமாக மாற்றுவதாகாதா? இதை எளிதில் ஒதுக்கக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கே. எஸ். ஜேக்கப் போன்ற மனநல மருத்துவர்களே, எல்லாத் துயரத்தையும் நோயாக்கிவிடும் போக்கைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்காரருக்கு மாத்திரை தேவையில்லை; அடி வாங்கும் பெண்ணுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. ஆனால் காரணம் வெளியே இருக்கிறது என்பதால் நோய் உள்ளே இல்லை என்றாகாது. காசநோய்க்கும் வறுமைதான் பெரும் காரணம். அதற்காக மருந்தை நிறுத்திவைத்து, வறுமை ஒழியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. மனச்சோர்வில் கிடப்பவருக்குக் கடன்காரரிடம் தவணை கேட்கவும், மனு எழுதவும், தாய்வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் தெம்பு இருப்பதில்லை. நோய் முதலில் பறிப்பது போராடுவதற்கான அந்தத் தெம்பைத்தான். முதியோர் ஓய்வூதியமும் நூறு நாள் வேலையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. நல்ல ஆலோசகர் மூன்றையும் ஒரே சந்திப்பில் பேசுவார்.

கோயிலும் தர்காவும் பற்றி என்ன சொல்வது? நோயாளியின் குடும்பம் முதலில் போவது அங்கேதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கும் ஏர்வாடியில் ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதை மறந்துவிட்டு எதையும் பேச முடியாது. சங்கிலி எங்கே இருந்தாலும் குற்றம். 2017 சட்டமும் அதைத் தடைசெய்கிறது. அதே நேரத்தில், தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவையும் மறைக்கக் கூடாது: தங்கிய சில வாரங்களில் அவர்களுடைய அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே அச்சுறுத்தல் இல்லை, அதட்டல் இல்லை. உறவினர் கூடவே தங்கினார், நோயாளிகள் சிறு வேலைகள் செய்தார்கள். அந்த இதம் உண்மையானது, மருந்துக்கு ஈடாகாது என்பதும் உண்மை. வேண்டுதலை விட்டுவிட்டு வா என்று சொல்கிற மருத்துவர் குடும்பத்தை இழக்கிறார். ‘கும்பிடுங்க, மாத்திரையும் போடுங்க’ என்பவரிடம் அவர்கள் திரும்பி வருகிறார்கள். ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு மருந்தும் தரும் ஏற்பாடு பின்னாளில் வந்தது சரியான பாதை.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் சிறப்பு மருத்துவரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். தாமதம் கூடக்கூட மீள்வது கடினமாகிறது. காதில் குரல் கேட்பது, யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அசையாத நம்பிக்கை, தானே சிரிப்பது, குளிக்காமல் ஒதுங்குவது தெரிந்தவுடன் அனுப்பிவைப்பது பொது மருத்துவரின் கடமை. அதற்குப் பிறகான ஆண்டுகளை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு, மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் நாற்பதாண்டு வேலையே சான்று.

நேரமில்லை என்பது மருத்துவர்களின் கடைசி மறுப்பு, நேர்மையான மறுப்பும்கூட. நூறு பேருக்கு ஒருவர் இருக்கும் ஓ.பி.யில் இருபது நிமிடம் யாருக்கும் தர முடியாது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980-களில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோடி முயற்சி, பிறகு 1996-இல் தொடங்கி தமிழ்நாட்டிலிருந்து முதலில் திருச்சியைச் சேர்த்துக்கொண்ட மாவட்ட மனநலத் திட்டம் எல்லாம் மருத்துவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில் அதிகம் சாய்ந்தன. பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனதும் வேலை நின்றது. கண்டறிவது இரண்டு கேள்வி, இரண்டு நிமிடம். மருந்து எழுதுவது ஐந்து நிமிடம். நோயாளியை ஆறு மாதம் கைவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை, அதற்கு மருத்துவர் தேவையில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுதேடி ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோகிற பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே அந்த வாசல்படியில் நிற்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். மனச்சோர்வு வந்தவரின் சர்க்கரை கட்டுக்குள் நிற்பதும் இல்லை. ஆகவே இது அவர்களுடைய இப்போதைய வேலைக்கு வெளியே இருக்கும் விஷயமே இல்லை. அவர்கள் கையிலிருக்கும் பதிவேட்டில் இரண்டு கேள்விக்கு இரண்டு கட்டம் சேர்க்கலாம். மாத்திரையை நிறுத்தியவர் யார், குமட்டலால் நிறுத்தினாரா, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்தினாரா என்று எழுதலாம். இரவில் பேச ஆள் இல்லாதவருக்கு மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணைச் சுவரில் எழுதிக் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தகத்தில் ஃப்ளுஆக்சடின் ஒரு மாதம் இருந்து மறுமாதம் தீர்ந்துபோகக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைக்குப் போடுவதுபோலவே இதற்கும் மூன்று மாத இருப்பைக் கணக்கிட்டு இன்டென்ட் போட வேண்டும். மூன்றாம் வாரத்தில் தூக்கம் திரும்பிய அந்தப் பெண் நான்காம் வாரம் பேருந்துக்குக் காசு செலவழித்து வந்து, ‘ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க’ என்ற பதிலோடு திரும்பினால், பெரும்பாலும் அவர் மறுபடி வருவதில்லை.